முதல் விளக்கு பச்சைத் துணிக்கு

மயிலாடி, அஞ்சுகிராமம், சுசீந்திரம், தோவாளை, நாகர்கோவில் வட்டாரத்து ஸ்டுடியோ புகைப்படக்காரர்களுக்கும், அவர்களுக்கு விளக்குத் தூக்கி நிறுத்தும் தம்பி தங்கைகளுக்கும் இந்த மடல்.

கல்யாண ஆல்பம் ஒன்றை எடுத்து, மணப்பெண் தனியாக நிற்கும் பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். பின்னால் ஏதோ ஓர் அரண்மனைத் தோட்டமோ அருவியோ இருக்கும். அதை விட்டுவிட்டுக் காதோரம் பாருங்கள். ஜிமிக்கியின் கீழ்வளைவில் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று ஓடும். தோளுக்கு மேலே கூந்தலின் ஓரம் கத்தரி பட்டது போல மொட்டையாக நிற்கும். தலையில் வைத்த பிச்சிப்பூவில் நாலைந்து மொட்டுகளைக் காணோம். பெண் வீட்டார் இதையெல்லாம் வார்த்தையில் சொல்ல மாட்டார்கள். "என்னவோ ஒட்டி வச்ச மாதிரி இருக்கு" என்று மட்டும் சொல்வார்கள். உடனே பழி ஆல்பம் வடிவமைத்தவர் மேல் விழும். கட்டிங் சரியில்லை, சாஃப்ட்வேர் பழசு, அவசரத்தில் செய்துவிட்டார் என்று காரணங்கள் வரிசை கட்டும்.

அவர் மேல் தப்பு இருக்கும் சந்தர்ப்பங்கள் குறைவு. படம் அவர் கைக்குப் போவதற்கு முன்பே, பச்சைத் துணிக்கு விளக்கு வைக்காமல் விட்ட நிமிஷத்திலேயே, காரியம் கெட்டுவிடுகிறது. இந்த மடல் கேட்பது ஒன்றுதான்: கிரீன் மேட் என்று நாம் சொல்லும் அந்தப் பச்சைத் துணிக்கு என்று தனி விளக்கு வையுங்கள்; அதையும் முதலில் வையுங்கள். ஆளுக்கு வைத்த விளக்கில் மிச்சம் சிதறியதை வைத்து ஒப்பேற்ற வேண்டாம்.

ஒரே விளக்கில் ஆளையும் பின்திரையையும் சேர்த்துப் பிடிக்கும் பழக்கம் நம் ஸ்டுடியோக்களில் வேர் விட்டதற்கு ஒரு நியாயமான வரலாறு உண்டு. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் தலைமுறை தலைமுறையாகத் தொங்கியவை எழுதிய திரைகள்: தூண்கள், வளைந்திறங்கும் படிக்கட்டு, பூந்தொட்டி, தூரத்தில் ஓர் ஏரி. நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதிய கைகளே ஸ்டுடியோக்களுக்கும் எழுதின. நாடகத் திரை எழுதிக்கொண்டிருந்த கொண்டையா ராஜு கோவில்பட்டியில் தங்கிவிட்டதும், அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் காலண்டர்களாகத் தென்னாடு முழுக்கச் சுவரேறியதும் பலருக்கும் தெரிந்த கதை. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து டிஜிட்டலாக்கியிருக்கிறது. அப்படிப்பட்ட படங்களில் ஆளும் திரையும் ஒரே வெளிச்சத்தில் நனைந்திருப்பதுதான் அழகு. திரையில் எழுதிய தூணின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கமே ஆளின் நிழலும் விழுந்தால் கண் நம்பிவிடும். அங்கே திரையும் படத்தின் ஒரு பகுதி. அதற்கும் ஆளுக்கும் ஒரே விளக்கு என்பது சரியான முடிவு.

பச்சைத் துணி படத்தில் இருக்கப்போவதே இல்லை. அது போக வேண்டிய பொருள். சுவடில்லாமல் போக வேண்டுமானால் அது தன் முழுப் பரப்பிலும் ஒரே நிறமாக, ஒரே அளவு வெளிச்சத்தோடு, ஆளைத் தொடாமல் நிற்க வேண்டும். பழைய திரையின் பழக்கத்தைப் புதிய துணிக்குக் கொண்டுவந்ததில்தான் கோளாறு.

இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாற்றைப் பார்த்தால், திரைக்கும் ஆளுக்கும் விளக்கைப் பிரிப்பதே அதன் உயிர் என்பது புரியும். 1940இல் வெளிவந்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்தில் லாரி பட்லர் நீலத் திரையைப் பயன்படுத்தி ஆஸ்கார் வாங்கினார். நம் பக்கத்தில் 1957இல் 'மாயா பஜார்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த மார்கஸ் பார்ட்லி, கேமராவுக்குள்ளேயே மறைத்து மறைத்துப் பதிவு செய்யும் முறையில் அதிசயங்களைக் காட்டினார். இவையெல்லாவற்றையும்விட ஸ்டுடியோக்காரர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டியது 1964இல் வந்த 'மேரி பாப்பின்ஸ்'. பெட்ரோ விளாஹோஸ் என்ற பொறியாளர் அதற்கு வகுத்த முறையில், பின்னால் இருந்தது வெறும் வெள்ளைத் திரை. அதன்மேல் சோடியம் விளக்கு. நம்மூர்ச் சாலையோரங்களில் எல்.இ.டி. வருவதற்கு முன்னால் மஞ்சளாக எரிந்ததே, அந்த ஜாதி விளக்கு. குறைந்த அழுத்தச் சோடியம் ஆவி விளக்கு ஏறத்தாழ 589 நானோமீட்டர் என்ற கிட்டத்தட்ட ஒரே அலைநீளத்தில் ஒளிரும். நடிகர்கள் மேல் சாதாரண வெள்ளை விளக்கு. கேமராவுக்குள் ஒரு பட்டகம் அந்த ஒற்றை மஞ்சளை மட்டும் பிரித்தெடுத்து வேறொரு ஃபிலிமுக்கு அனுப்பியது. நாயகியின் தொப்பியிலிருந்து தொங்கும் மெல்லிய வலைத்துணிகூட அந்த முறையில் பிசிறில்லாமல் பிரிந்து வந்தது. துணியின் நிறம் அங்கே ஒரு பொருட்டே இல்லை. எல்லாக் காரியத்தையும் செய்தது திரைக்கென்று வைத்த தனி விளக்கு.

அந்தக் கேமரா இன்று நம் கையில் இல்லை. அதனால்தான் நிறத்தை நம்புகிறோம். பச்சையை ஏன் நம்புகிறோம் என்பதற்கும் காரணம் உண்டு. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வண்ணக் கட்டம்தான் இன்றைய பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களின் சென்சார் மேல் இருக்கிறது. அதில் ஒவ்வொரு நான்கு புள்ளிக்கும் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். பச்சையைப் பற்றிக் கேமராவுக்குக் கிடைக்கும் விவரம் மற்ற இரண்டையும்விட இரட்டிப்பு. மனிதத் தோலில் பச்சை மேலோங்கி நிற்பதில்லை என்பது இன்னொரு வசதி. கேமரா பச்சையை இவ்வளவு நன்றாகப் பார்ப்பதால் துணிக்குக் குறைந்த வெளிச்சமே போதும். பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, துணி பளபளவென்று எரிந்தால்தான் நன்றாக வெட்டும் என்று நினைக்கிறார்கள். மிதமிஞ்சிய வெளிச்சத்தில் பச்சை வெளுத்து வெள்ளையை நோக்கிப் போகிறது. அது திருப்பியடிக்கும் பச்சை ஒளி முழுக்க ஆளின் முதுகிலும் தோளிலும் வந்து உட்காருகிறது. ஆளின் முகத்தில் விழும் வெளிச்சத்தைவிட அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை துணிக்குக் குறைவாக இருந்தால் தலைமுடிக்கும் நகைக்கும் நல்லது. அதற்கும் கீழே இறக்கினால் பச்சையில் புள்ளி விழும், கருங்கூந்தலின் நிழலோடு அது கலந்துபோகும்.

அளவைவிட முக்கியம் சமம். இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். 10 அடி அகலமுள்ள துணி. அதன் இரண்டு ஓரங்களுக்கும் நேர் எதிரே, துணியிலிருந்து 3 அடி தள்ளி, ஒரே வலுவுள்ள இரண்டு விளக்குகள். குடையோ சாஃப்ட்பாக்ஸோ இல்லாத வெறும் விளக்குகள் என்று வைத்துக்கொண்டால், ஓரங்களில் விழும் வெளிச்சம் நடுவில் விழுவதைப் போல ஏறத்தாழ 4 மடங்கு வரும். அதாவது 2 ஸ்டாப் வித்தியாசம். கண்ணுக்கு அது பச்சையாகத்தான் தெரியும். கணினிக்கு அது நாலைந்து வேறு வேறு பச்சைகள். இப்போது அதே விளக்குகளை 8 அடிக்குத் தள்ளுங்கள். தூரம் கூடக்கூட ஒளி அதன் வர்க்கத்தில் குறையும் என்ற பள்ளிக்கூடப் பாடப்படியே, இடப்பக்க விளக்கு வலப்பக்கம் வரை எட்டிப் பார்க்கிறது, வலது விளக்கு இடப்பக்கத்தை ஈடுகட்டுகிறது. ஓரமும் நடுவும் கிட்டத்தட்டச் சமமாகிவிடுகின்றன. புது விளக்கு வாங்கவில்லை, வாட் கூட்டவில்லை. 5 அடி நகர்த்தியதற்கே இவ்வளவு பலன்.

எட்டடி தள்ள எங்கே இடம் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. சந்தை ரோட்டு மாடியில் ஓர் அறையை ஸ்டுடியோவாக வைத்திருப்பவருக்கு 12 அடிக்கு 15 அடி கிடைத்தாலே பெரிது. அதற்கு வழி, துணியைச் சுருக்குவது. இடுப்பு வரை எடுக்கும் படத்துக்கு 10 அடித் துணி எதற்கு? 6 அடி போதும். 10 அடிக்கு 8 அடி என்ற அதே விகிதத்தில் 6 அடித் துணிக்கு விளக்கு 5 அடி தள்ளி நின்றால் சரியாக வரும். சாஃப்ட்பாக்ஸோ வெள்ளைக் குடையோ போட்டு, ஒவ்வொரு விளக்கையும் எதிர் ஓரத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டால் இன்னும் கொஞ்சம் பக்கத்தில்கூட வைக்கலாம். விளக்கின் உயரம் துணியின் நடு உயரத்துக்கு வரட்டும். உச்சாணியில் வைத்துக் கீழ்நோக்கி அடித்தால் மேலே வெளுப்பும் கீழே இருட்டுமாகப் போகும். அந்த விளக்குகள் ஆள்மேல் சிந்தாமல் தடுக்க, சினிமாக்காரர்கள் கட்டர் என்று சொல்லும் கறுப்புத் துணித் தடுப்பை விளக்குக்கும் ஆளுக்கும் நடுவே நிறுத்துங்கள். ஒரு கறுப்பு வேட்டியும் இரண்டு ஸ்டாண்டும் போதும்.

கல்சிற்பத்துக்குப் பேர்போன மயிலாடிக்காரர்களுக்கு இன்னொன்றைச் சொன்னால் சட்டென்று புரியும். சிற்பப் பட்டறையில் சிலையின் மேற்பரப்பில் மேடு பள்ளம் பார்க்க வேண்டுமானால் வெளிச்சம் பக்கவாட்டில் தடவிக்கொண்டு வர வேண்டும். உளி பட்ட இடமெல்லாம் அப்போதுதான் நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும். துணியின் மடிப்பும் சுருக்கமும் அதே விதிக்குக் கட்டுப்பட்டவை. சுவரோடு ஒட்டி நிறுத்திய விளக்கு ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஒரு கருங்கோடு போட்டுவிடும். கல்லுக்கு உதவுகிற கோணம் துணிக்கு ஆகாது. துணியைப் பார்த்து 45 பாகை அளவில் விளக்கு திரும்பியிருந்தால் சுருக்கம் பாதி மறையும். மீதிப் பாதிக்கு நீராவி இஸ்திரியும் சுற்றிலும் கிளிப்பும். துணி வாங்கும்போது பளபளப்பில்லாத பருத்தியாகப் பாருங்கள், சாட்டின் வேண்டாம். பட்டறைத் தெருவை ஒட்டி ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் துணியை வாரத்துக்கு ஒரு தடவையாவது உதறிச் சுருட்டி வைக்க வேண்டும். கல்தூசி படிந்த இடம் வெளுத்த திட்டாகத் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னலைச் சாத்திவிட்டு எடுங்கள்; துணி ஆடினால் சுருக்கம் படத்துக்குப் படம் இடம் மாறும்.

மீட்டர் இல்லாதவர்கள் சமத்தை எப்படி அளப்பது? கேமராவிலேயே வழி இருக்கிறது. ஆளை நிறுத்துவதற்கு முன் துணியை மட்டும், சட்டம் முழுக்க நிறையும்படி ஒரு படம் எடுங்கள். அதன் ஹிஸ்டோகிராமில் பச்சைக்கான வரைபடத்தைத் திறந்து பாருங்கள். நடுவை ஒட்டி ஒல்லியாக, ஊசி போல ஒரே ஒரு குன்று எழுந்திருந்தால் வெளிச்சம் சமம். குன்று அகலமாகப் பரந்து கிடந்தால் எங்கோ வெளுப்பும் எங்கோ இருட்டும் இருக்கிறது. இரண்டு குன்றுகள் தெரிந்தால் இடது விளக்கும் வலது விளக்கும் ஒத்துப்போகவில்லை. குன்று வலது சுவரில் போய் முட்டினால் வலுவைக் குறையுங்கள். படத்தில் உபயோகமாகும் பகுதி முழுவதும் மூன்றில் ஒரு ஸ்டாப்புக்குள் அடங்கினால் அருமை. அரை ஸ்டாப் வரை தாங்கும்.

ஃப்ளாஷில் எடுப்பவர்கள் இன்னொரு சோதனையும் செய்யலாம். எல்லா அமைப்பும் அப்படியே இருக்க, ஃப்ளாஷை மட்டும் அணைத்துவிட்டு ஒரு படம். அது கும்மிருட்டாக வந்தால் அறையின் டியூப்லைட்டும் ஜன்னல் வெயிலும் உங்கள் படத்தில் கலக்கவில்லை. எல்.இ.டி. விளக்குகளில் எடுப்பவர்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதை மனத்தில் வைத்து ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் நிறுத்திப் பாருங்கள். மலிவு விளக்குகளின் துடிப்பால் ஒரு படத்தில் துணி வெளுத்தும் அடுத்ததில் கறுத்தும் வருவது பெரும்பாலும் நின்றுவிடும். ரா ஃபைலில் எடுங்கள். ஜேபெக் இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக நிறத்தின் நுணுக்கத்தைத்தான் முதலில் கழிக்கிறது, நமக்கோ வேண்டியது அந்த நிறமே.

அடுத்தது தூரம். துணிக்கும் ஆளுக்கும் நடுவே 6 அடியாவது வேண்டும். துணியிலிருந்து திரும்பும் பச்சை ஒளியை ஸ்பில் என்று சொல்கிறோம். முதுகை ஒட்டித் துணி இருந்தால் ஸ்பில் தோள், காது, கன்னத்து ஓரம் எங்கும் பூசிக்கொள்ளும். பிறகு கணினியில் நீக்கிக்கொள்ளலாமே என்பவர்கள், கணினி அதை எப்படி நீக்குகிறது என்று ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். பரவலாகப் புழங்கும் ஒரு கணக்கு இது: ஒரு புள்ளியில் சிவப்பையும் நீலத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து வருவதைவிடப் பச்சை அதிகமாக இருந்தால், அதிகப்படியைப் பச்சை ஸ்பில் என்று எண்ணி வெட்டு. தோலுக்கு இது ஓரளவு பரவாயில்லை. தங்கத்துக்கு? தங்க நிறத்தைத் திரையில் காட்ட வழக்கமாகச் சொல்லும் எண்கள் சிவப்பு 212, பச்சை 175, நீலம் 55. சிவப்புக்கும் நீலத்துக்கும் சராசரி ஏறத்தாழ 133. பச்சை 175 அதைவிட அதிகம். எனவே கணினி அதை 133க்கு இறக்கும். ஸ்பில்லே படாத சுத்தத் தங்கம் செம்பாக மாறிவிடுகிறது.

நாகர்கோவில் வடசேரியில் கைவேலையாகச் செய்யும் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. சிவப்புக் கல் பதித்த அந்த அட்டிகையையும் நெற்றிச்சுட்டியையும் போட்டுக்கொண்டு ஒரு பெண் உங்கள் முன் நிற்கிறாள். அவளுடைய வீட்டார் அந்தப் படத்தில் முதலில் பார்ப்பது நகையைத்தான். ஸ்பில் இருந்தால் பொன் களிம்பேறிய பித்தளையாகத் தெரிகிறது. ஸ்பில்லை நீக்கினால் செம்பாகத் தெரிகிறது. வேறு நல்ல கணக்குகளும் இருக்கின்றன, கைதேர்ந்தவர்கள் நகையைத் தனியாகப் பிரித்து வைத்துச் சரிசெய்யவும் செய்வார்கள். ஒரு கல்யாணத்தின் நூற்றுக்கணக்கான படங்களுக்கு அந்த வேலையைச் செய்ய யாருக்கு நேரம்? ஆளை நாலு அடி முன்னால் வரச்சொல்வது அதைவிட எளிது.

தோவாளை மாலையும் இதே சங்கடத்தைக் கொண்டுவரும். மாலைக்கு நடுவே வைத்துக் கட்டும் பச்சை இலையும் கொழுந்தும் துணியோடு சேர்ந்து காணாமல் போகும், நெஞ்சில் ஓட்டை விழும். பச்சைப் பட்டு உடுத்தி வரும் பெண்ணைச் சேலை மாற்றச் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஸ்டுடியோவிலும் பச்சையோடு ஒரு நீலத் துணியும் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். நீலத்துக்குப் பச்சையைவிட வெளிச்சம் கூடுதலாக வேண்டும்; அதை மறந்துவிட்டுப் பச்சைக்கு வைத்த அமைப்பிலேயே எடுத்தால் நீலம் இருண்டு போகும். துணி மாறினால் ஹிஸ்டோகிராமை மறுபடியும் பாருங்கள்.

மயிலாடியில் தேவாலயக் கல்யாணங்கள் நிறைய. 1809இலேயே மிஷனரி ரிங்கல்தௌபே இங்கே சபைக்கு ஆலயம் எழுப்பிய ஊர். வெள்ளைச் சேலையும் தலையிலிருந்து இறங்கும் வெள்ளை நெட்டுமாக வரும் மணப்பெண்ணை எடுப்பதுதான் கிரீன் மேட்டுக்கு வைக்கும் கடுமையான பரீட்சை. நெட் பாதி துணி, பாதி ஓட்டை. ஒவ்வொரு கண்ணி வழியாகவும் பச்சை தெரியும். பின்னால் உள்ள பச்சை ஒரே சீராக இருந்தால், நெட்டில் எவ்வளவு வெள்ளை, எவ்வளவு பச்சை என்று கணினி புள்ளிக்குப் புள்ளி பிரித்து, புதுப் பின்னணியை அதன் வழியே மங்கலாகத் தெரியவைக்கும். பச்சை திட்டுத் திட்டாக இருந்தால் ஒரு இடத்தில் நெட் கெட்டியாகும், இன்னொரு இடத்தில் கிழியும். நெட்டுக்குப் பின்னாலிருந்து, மேலே ஒரு பக்கமாக, ஒரு சின்ன வெள்ளை விளக்கை வைத்து அதன் விளிம்பைத் தூக்கிக் காட்டுங்கள். கருங்கூந்தலுக்கும் அதே விளக்கு உதவும். லென்ஸை எஃப் 5.6இலிருந்து 8க்குள் வைத்தால் நெட்டின் முன்பகுதியும் பின்பகுதியும் கூர்மையாக இருக்கும். 6 அடி பின்னால் உள்ள துணியின் சுருக்கமோ சற்றுக் கலங்கிப்போகும். இரண்டும் நமக்கு வேண்டியவை.

இனி கல்லைப் பற்றி. மயிலாடி ஸ்டுடியோக்களுக்குக் கல்யாணத்தைப் போலவே சிலையும் ஒரு தொழில். வெளியூரில் இருந்து கேட்பவருக்குப் பட்டறைக்காரர் முதலில் அனுப்புவது படத்தைத்தான். பின்னால் கிடக்கும் சார்ப்பும் கல்சில்லும் தெரியக்கூடாது என்று பச்சைத் துணியைத் தொங்கவிட்டு எடுப்பது சுலபமாகத் தோன்றும். மெருகேற்றாத கல்லுக்கு அது சரி. மெருகேற்றிய கருங்கல்லுக்கு அது கூடவே கூடாது.

காரணத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஃபிரெனெல் என்ற பிரெஞ்சுக்காரர் கணக்காகச் சொல்லிவிட்டார். மெருகேறிய பரப்பை நேராகப் பார்த்தால் அது தன்மேல் படும் ஒளியில் கொஞ்சத்தைத்தான் திருப்பும். கண்ணாடியில் அது நூற்றுக்கு 4 பங்கு அளவு. பார்வை சாயச் சாய அந்தப் பங்கு ஏறி, கடைசியில் பரப்பை ஒட்டிப் பார்க்கும்போது கிட்டத்தட்ட முழுவதையும் திருப்பிவிடும். பிள்ளையாரின் உருண்ட வயிற்றையோ நந்தியின் முதுகையோ நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நம் பார்வை நேராகப் படுகிறது. விளிம்பை நோக்கிப் போகப்போகச் சாய்கிறது. விளிம்பில் கல் கண்ணாடியாகிறது. அதில் தெரிவது சிலைக்குப் பின்னால் தொங்கும் பச்சைத் துணி. அதனால்தான் கருஞ்சிலையைச் சுற்றி ஒரு பச்சை வளையம் விழுகிறது. எவ்வளவு நல்ல விளக்கு வைத்தாலும் அந்த மெல்லிய கடைசி விளிம்பிலிருந்து தப்பிக்க முடியாது. உள்ளே பரவும் அகலமான பச்சைப் பட்டையைக் குறைக்கலாம்: சிலையின் உருவத்தைச் சுற்றி ஒரு சாண் மட்டும் பச்சை தெரியவிட்டு, மீதித் துணியைக் கறுப்பால் மூடிவிடுவது. தரையில் பச்சை போடவே வேண்டாம்.

இருந்தாலும் மெருகேற்றிய சிலைக்கு இந்த மடல் சொல்லும் யோசனை, சாம்பல் நிறத் தாள் அல்லது வெள்ளைத் தாள். விளிம்பில் சாம்பல் பிரதிபலித்தால் அது கல்லின் பளபளப்பாகவே தெரியும். கறுப்புச் சிலையை வெள்ளையிலிருந்து பிரித்தெடுப்பதும் கடினமில்லை. கல் வாங்குகிறவர் கல்லின் நிறத்தை வைத்துத் தீர்மானிக்கிறார். மயிலாடிக் கல்சிற்பம் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை. மாதக்கணக்கில் உளி பிடித்தவரின் உழைப்பு, நாம் எடுக்கும் ஒரு படத்தில் பாசி பிடித்ததுபோலப் போய்ச் சேரக்கூடாது.

துணியைச் சரியாகப் போக்கிவிட்டால் வேலை முடிந்ததா? பாதி முடிந்தது. புதுப் பின்னணியின் வெளிச்சமும் ஆளின் வெளிச்சமும் ஒத்துப்போக வேண்டும். கன்னியாகுமரிக் கரையில் நின்று விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் பார்த்துக் காலையில் எடுத்த படம், வெளியூர்க் குடும்பங்கள் விரும்பிக் கேட்கும் பின்னணி. அந்தப் படத்தில் சூரியன் எதிரே, கடல் பக்கம் இருக்கிறது. நிஜத்தில் அங்கே நிற்பவரின் முகம் நிழலில் இருக்கும், தலைமுடியின் ஓரமும் தோளும் பொன்னாக மின்னும். ஸ்டுடியோவில் இரண்டு பக்கமும் சமமாகக் குடை வைத்து, முகத்தில் நிழலே இல்லாமல் எடுத்த ஆளை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் சின்னக் குழந்தையும் கண்டுபிடித்துவிடும். துணிக்குத் தனி விளக்கு இருந்தால்தான் ஆளின் விளக்கை இஷ்டத்துக்கு மாற்ற முடியும் என்பதைக் கவனியுங்கள். ஆளுக்கு ஒரே ஒரு பின்விளக்கும் முன்னால் ஒரு தெர்மாகோலும் வைத்து விடியற்கால வெளிச்சம் கொண்டுவரலாம்; துணி பாட்டுக்குச் சமமாக எரிந்துகொண்டிருக்கும். மருந்துவாழ் மலை பின்னணியில் உச்சிவெயில் வேண்டுமானால் விளக்கை உயர்த்துங்கள், துணியைத் தொட வேண்டியதில்லை. ஒரே விளக்கில் இரண்டையும் சமாளிப்பவருக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. ஆளுக்கு நிழல் வைத்தால் துணியும் இருண்டுவிடும் என்று பயந்து, எல்லாரையும் ஒரே தட்டையான வெளிச்சத்தில் எடுத்துக்கொண்டிருப்பார்.

இளைஞர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: போனிலேயே ஒரு தட்டுத் தட்டினால் பின்னணி போய்விடுகிறதே, பச்சைத் துணியே எதற்கு? நியாயமான கேள்வி. பள்ளிக்கூட அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட் படத்துக்கும் பச்சை வேண்டியதில்லை. வெள்ளைச் சுவர் போதும், வெட்ட வேண்டியிருந்தால் போன் வெட்டிவிடும். ஆனால் செயற்கை நுண்ணறிவு செய்வது ஊகம். முடி எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது. பார்த்த லட்சம் முடிகளை வைத்து இங்கேதான் இருக்கும் என்று ஒரு முடிவு செய்கிறது. நெட்டின் கண்ணிக்குள் எதைக் காட்டுவது, பிச்சிப்பூவின் ஒற்றை மொட்டை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதில் அது அடிக்கடி தடுமாறும். சமமான பச்சை இருந்தால் ஊகிக்கவே தேவையில்லை, அளந்துவிடலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் ஸ்டுடியோக்களில் படம் எடுப்பவர் ஒருவர், வெட்டி ஒட்டி ஆல்பம் செய்பவர் இன்னொருவர். அவர் வேறு ஊரில்கூட இருக்கலாம். அவருக்கு உங்கள் அறை எப்படி இருந்தது, விளக்கு எங்கே நின்றது என்று எதுவும் தெரியாது. ஆள் நிற்பதற்கு முன் எடுத்த அந்த வெறுந்துணிப் படத்தை அழித்துவிடாமல், அந்தக் கல்யாணத்தின் ஃபோல்டரில் முதல் படமாக வைத்து அனுப்புங்கள். சேலை மாறி, துணியை நீலமாக்கினால் அதற்கும் ஒன்று. துணியின் எந்த மூலையில் எவ்வளவு பச்சை என்று அவருக்கு அதிலிருந்தே தெரிந்துவிடும். எஞ்சியிருக்கும் சின்ன ஏற்றத்தாழ்வை அந்தப் படத்தை வைத்தே அவர் கழித்துக்கொள்வார். கூடவே, எந்தப் பின்னணியை மனத்தில் வைத்து ஆளுக்கு விளக்கு வைத்தீர்கள் என்று ஒரு வரியும் எழுதி அனுப்பினால், விடியற்காலத்துக்கு வைத்த வெளிச்சத்தை அவர் உச்சிவெயில் அருவியில் கொண்டுபோய் ஒட்ட மாட்டார்.